பதினொன்றரைக் கிலோ

அசாஹிகாவாவில் அக்டோபர் கடைசி வாரம்.
கணவாயில் சாலை உறைந்துவிட்டதென்று
வானொலி சொன்ன அன்றே
ஊரில் பாதிப்பேர் டயர் மாற்றிவிட்டார்கள்.
மீதிப்பேர் நாளைக்கு என்கிறார்கள்.
நான் ஜாக்கி வாங்கப் போனேன்.

பழையது ஒன்று கொட்டகையில் கிடக்கிறது,
முப்பத்திரண்டு கிலோ இரும்பு,
அடியில் எண்ணெய் கசிந்த வட்டம்.
விட்டுப் போனவர் அரிசிக் குக்கரைக்கூட எடுத்துக்கொண்டு
இதை மட்டும் விட்டுப் போனார்.
ஏனென்று
போன வசந்தத்தில் அதை இழுத்தபோது
என் இடுப்பு எனக்கு விளக்கியது.

வண்டியோடு வந்த கத்திரி ஜாக்கியும் உண்டு.
சுற்று, சுற்று, இன்னும் சுற்று;
ஒரு சக்கரம் எழும்புவதற்குள்
குளிர்காலமே வந்துவிடும்.

கடைப் பையன் குமகாய்
சிவப்பாக ஒன்றைக் காட்டி
மூன்று டன் தூக்கும் என்றான்.
என் வண்டியே ஒரு டன் இல்லை, தம்பி,
அதிலும் ஒரு மூலையைத்தானே தூக்கப் போகிறேன்.
யானைக்குத் தைத்த சட்டை எனக்கெதற்கு?
அவன் சிரிக்கவில்லை.
விலைச்சீட்டை நேராக்கி வைத்தான்.

அடுத்தது அலுமினியம். பதினொன்றரைக் கிலோ.
ஒரு கையில் தூக்கிக்கொண்டு
பனிவாரி வரிசையைத் தாண்டி
நாய்த்தீனி வரை போய்த் திரும்பினேன்.
நாற்பத்தாறு எட்டு.
கொட்டகையிலிருந்து வண்டிக்கு இருபதுதான்.
மூச்சு வாங்கவில்லை.
வாங்கியிருந்தாலும் அவனிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் லேசான பொருளை நான் சட்டென்று நம்புவதில்லை.
பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவள் நான்.
இருநூற்றுச் சொச்சம் தந்திகள்.
ஏற்றுவது பெரிய காரியமில்லை,
ஏற்றிய இடத்தில் நிற்கவேண்டும்.
திருகி முடித்துச் சாவியை எடுத்ததும்
மயிரிழை பின்வாங்கும் முளை ஒன்று இருக்கும்.
பள்ளி ஆண்டுவிழாவில்
அத்தனை பெற்றோர் முன்னாலும்
அது என்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே குமகாயிடம் கேட்டேன்:
இதில் வண்டியை ஏற்றிவைத்துவிட்டு
ஒரு காப்பி குடித்து வரலாமா?

அப்போதுதான் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

கடையின் பின்புறம் சரக்கு வேன் நின்றது.
குட்டையான மூக்கு அடியில் தடையின்றி நுழைந்தது.
ரப்பர் மெத்தை சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்று
குனிந்து பார்த்துக்கொண்டான்; பையன் தேறுவான்.
எட்டு அழுத்து. சக்கரம் தரையை விட்டது.
பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியில்
வேனின் விளிம்புக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.
தானியங்கியிலிருந்து இரண்டு டப்பா காப்பி.
பேசிக்கொள்ள ஒன்றுமில்லை.
கோட்டைப் பார்த்துக்கொண்டே குடித்தோம்.

இருபது நிமிடம்.
விளிம்பு கோட்டிலேயே நின்றது.

இறக்கு, என்றேன். மெதுவாக.
இங்கேதான் காது வேண்டும்.
மட்டமான வால்வு கால் சுற்றிலேயே
தொப்பென்று கைவிட்டுவிடும்.
இது மூச்சை அளந்து அளந்து விட்டது,
நீளமாக,
தரை தொடும்வரை ஒரே சுருதியில்.

விலையை மட்டும் கேட்காதீர்கள்.
அதோடு இரண்டு முட்டுக்கால்களும் வாங்கினேன்.
எதை எவ்வளவு நம்பினாலும்
தூக்கிய வண்டிக்கடியில் கை நீட்டுமுன்
முட்டுக் கொடுத்துவிடுவது என் வழக்கம்.
அது டயர் மாற்றக் கற்றதற்கு முன்பே வந்தது.

சனிக்கிழமை. மூன்றாவது சக்கரம்.
நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாய் முறுக்கிக்கொண்டிருந்தபோது
பக்கத்து வீட்டு ஓனுகி
வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
"ரொம்ப லேசா இருக்கே, ஹிசானோ. தாங்குமா?"

எழுந்து கையுறையைக் கழற்றினேன்.
பனி இன்னும் தொடங்கவில்லை.
"உள்ளே வாங்க," என்றேன்,
"ஒரு காப்பி குடிச்சிட்டு வந்து பார்க்கலாம்."