ஐம்பத்து மூன்று வயதில் முத்தடுப்பூசி

லியபாயாவில் ட்ராமுக்கு ஒரே தடம்.
ஆலை வாசலில் தொடங்கிச் சந்தையைத் தொட்டு
கல்லறைத் தோட்டம்வரை போய்த் திரும்பும்.
பத்தொன்பது வருடம் ஓட்டினேன்.
ஊரே என் முதுகுக்குப் பின்னால்தான் இருமியது,
எனக்கு ஒன்றும் தொற்றியதில்லை.
இரும்பு என்பார் என் கணவர் ஐவார்ஸ்.
இரும்பு எதனால் கெடும் என்று
டிப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ரீகா மருத்துவமனையில்
என் மஜ்ஜையைத் துடைத்துக் காலி செய்துவிட்டு
வேறொருவனுடையதை இறக்கினார்கள்.
ஒரு பை. நீர்த்த தக்காளிச் சாறு மாதிரி.
பெரிதாக ஏதோ நடக்கும் என்று விழித்திருந்தேன்;
பாதியில் தூங்கிவிட்டேன்.
கொடுத்தவன் பெயர் சொல்லமாட்டார்கள்.
ஆண், இருபத்தாறு வயது, ஜெர்மனி.
அவ்வளவுதான்.
என் ரத்த வகைகூட அவனுடையதாகிவிட்டது.
அடையாள அட்டையில் மட்டும்
அதே ஸ்கைத்ரீதே.

வீட்டில் பூந்தொட்டி கூடாது.
புகையிட்ட மீன் கூடாது.
காட்டிலிருந்து காளானோடு வந்த தங்கையைக்
கண்ணாடிக்கு இப்புறமிருந்து பார்த்துக் கையசைத்தேன்.
வாரத்துக்கு ஒரு தாள் வரும்:
வெள்ளணு இவ்வளவு, அதில் இந்த வகை இவ்வளவு.
புள்ளி மூன்று. புள்ளி ஏழு. மறுபடி புள்ளி நான்கு.
தாளை ஐவார்ஸ் குளிர்பெட்டியில் ஒட்டுவார்,
பள்ளிப் பிள்ளையின் மதிப்பெண் போல.

வலுக்கிறதா இல்லையா, எப்படித் தெரியும்?
டாக்டர் மெல்த்ரா பேனாவை மூடினாள்.
"தலை எண்ணத்தான் இந்தத் தாள்.
வேலை தெரியுமா என்று இது சொல்லாது."
புரிந்தது.
பயிற்சி ஓட்டுநர்களை நானும் பார்த்திருக்கிறேன்.
சீருடை மினுங்கும்;
எந்த வளைவில் வேகம் குறைக்கணும் தெரியாது.

ஓராண்டு கழித்துக் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினாள்.
பழைய ஊசிகளையெல்லாம் உடம்பு மறந்துவிட்டதாம்.
முயல் படம் போட்ட குட்டி நாற்காலியில்
முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்தேன்.
எதிரே தாய்மடியில் நாலு மாதத்துக்காரன்.
இருவருக்கும் ஒரே ஊசி, முத்தடுப்பு.
அவன் அழுதான்.
எனக்கும் ஒரு ஸ்டிக்கர் கொடுத்தாள் செவிலி,
கோட்டில் ஒட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

அன்றிரவு கை வீங்கிச் சுட்டது.
ஐவார்ஸ் தொலைபேசியை எடுத்தார்.
பொறுங்கள் என்றேன்.
வீக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
உள்ளே யாரோ விளக்கைப் போட்டு
மேசையைச் சுற்றி உட்கார்ந்து
ஒரு புகைப்படத்தைக் கைமாற்றுகிறார்கள்:
இவன்தான், முகத்தைப் பார்த்துக்கொள்.

ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.
ரொட்டி வெட்டிய விரல் ஐந்து நாளில் ஆறியது.
பிப்ரவரியில் வந்த சளி
போகிற வழி தெரிந்து போனது.
தற்செயலாயிருக்கும் என்றேன்.
எதுவும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையை
என்னவென்று எடுத்துக்கொள்வது?

மே மாதம் வேலைக்குத் திரும்பினேன்.
பிர்ச் மரங்கள் பூத்த வாரம்.
பிறந்த நாளிலிருந்து அந்த மரத்தோடுதான் வாழ்க்கை,
வசந்தம்தோறும் அதன் சாற்றை வாளியில் பிடித்துக் குடித்தவள்.
சந்தை நிறுத்தத்தில் கதவு திறந்தது.
தும்மல்.
இன்னொன்று.
பதினொன்றுவரை எண்ணினேன்,
கண்ணில் நீர் கொட்டியது.

மெல்த்ரா சிரிப்பை அடக்கப் பார்த்தாள்.
"அவனுடையதாயிருக்கலாம்.
ஒவ்வாமையும் சில சமயம் கூடவே வரும்.
வேலையாட்கள் தேறிவிட்டார்கள், ஸ்கைத்ரீதே,
அதிகப்பிரசங்கம் செய்கிறார்கள்."

பிர்ச் பூந்துகளைப் பகையென்று
அடித்துத் துரத்தும் முட்டாள்கள்.
ஜெர்மனியில் எங்கோ
அந்தப் பையன் இதே வாரம்
கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருப்பான்.

மறுநாளும் தும்மினேன்.
"ஆரோக்கியம்!" என்றாள்
முட்டைக்கோஸ் மூட்டையோடு ஏறிய கிழவி.
ஆமாம் என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.
மணியடித்து
வண்டியை எடுத்தேன்.