அரை ஆப்பிள், தோல் நீக்கியது

ஜூலை வந்தால் மாலத்யாவில்
வெறும் தரை என்று ஒன்றில்லை.
கூரை, தார்ப்பாய், சாலையோரம்,
எங்கும் ஆப்ரிகாட் காயும்.
கந்தகப் புகை கண்டது பொன்னிறம்,
வெயில் மட்டும் கண்டது பழுப்பு.
நிலநடுக்கத்துக்குப் பிறகு கடைகள்
தகரக் கன்டெய்னர்களுக்குக் குடிபோயின.
கூவும் குரல்களில் மட்டும்
ஒரு விரிசலும் இல்லை.

அதில் நெஜ்தெத்தின் குரல் தனி.
"கண் மங்குதா? வா, இதிலிருக்கிறது ஏ வைட்டமின்!
மூன்று நாளாய் வயிறு பிடிவாதமா?
ராத்திரி நாலு ஊறப்போடு,
விடிந்ததும் அது உன் பேச்சைக் கேட்கும்!
ரத்தம் கொதிக்கிறதா? பொட்டாசியம், தம்பி, பொட்டாசியம்!
சோகை பிடித்த மருமகளுக்கு இரும்பு!"

வரிசையில் நின்று மனசுக்குள் திருத்துவேன்:
இரும்பு சரி,
கூடவே ஒரு ஆரஞ்சு தின்னச் சொல்,
அப்போதுதான் உடம்பில் ஒட்டும்.
திருத்துவது என் தொழில்.
அரசு மருத்துவமனையில்
சிறுநீரகப் பிரிவின் உணவு ஆலோசகர் நான்.

திங்கள், புதன், வெள்ளி
அவர் என் பக்கம் வருவார்.
இடக்கையில் நரம்பு கயிறாய்ப் புடைத்திருக்கும்,
விரல் வைத்தால் உள்ளே பூனை உறுமும்.
நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய்
குளித்துவிட்டுத் திரும்பும்.

முதல் நாள் ஒரு பட்டியல் கொடுத்தேன்.
வாழைப்பழம் கூடாது. ஆரஞ்சு கூடாது.
முலாம்பழம் கூடாது.
உலர்ந்த ஆப்ரிகாட்:
சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு.
இந்த ஊரில் இருந்துகொண்டு அதை எழுதக்
கை கூசத்தான் செய்தது.

"இதெல்லாம் நல்லது என்று சொல்லித்தானே விற்கிறேன்?"
"நல்லதுதான்."
"பிறகு?"
"வந்த விருந்தாளியை வழியனுப்ப
உங்கள் வீட்டில் இப்போது ஆளில்லை.
பொட்டாசியம் கிளம்பாது.
நேரே இதயத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
"எனக்கு எதுதான்?"
"அரை ஆப்பிள். தோல் நீக்கியது."
"ஆப்பிளா!
அது அமாஸ்யாக்காரன் பழம்" என்றார்,
ஜாதகத்தில் இல்லாத சம்பந்தம் போல.

ஆனாலும் கொண்டுவந்தார்.
பக்கத்து இயந்திரத்தில் ஃபெரிஹான்,
பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
அவளுக்கும் அரைதான்.
ஒரு கத்தி, ஒரு ஆப்பிள், இரண்டு பேர்.
என் கணக்குகளில் அது ஒன்றுதான்
மீதியில்லாமல் வகுபட்டது.

ஒரு புதன்கிழமை, கையெழுத்துப் போட்டபடி,
தலை நிமிராமலே டாக்டர் தாரிக் சொன்னார்:
"இயந்திரம் ஓடத் தொடங்கும் முதல் மணி நேரத்தில்
ஒன்று தின்னட்டும்.
உலர்ந்தது அல்ல, புதியது.
ஒன்று என்றால் ஒன்று."

வெள்ளிக்கிழமை அது
சட்டைப்பையில் வந்தது.
உடம்புச் சூட்டில் இளகி,
துணியில் வட்டமாய் ஒரு ஈரம் விட்டு.
குழாய் சிவந்ததும் வெளியே எடுத்தார்.
கட்டைவிரலால் தையலோரம் அழுத்த
இரண்டாய்ப் பிளந்தது.
அறையே காத்திருந்தது.
இப்போது கூவுவார் என்றுதான்
நானும் நினைத்தேன்:
கண்ணுக்கு, குடலுக்கு, மருமகளுக்கு.

கூவவில்லை.
ஒரு பாதியை வாயில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் மெல்லாமலே இருந்தார்.
நாற்பது வருஷம் எடை போட்ட பழம்.
எதற்கு நல்லது என்று
ஒரு வார்த்தை சொல்லாமல்
மறுபாதியையும் தின்றார்.

திங்கட்கிழமை அறிக்கையில் பொட்டாசியம் ஐந்து புள்ளி ஒன்று.
குறிப்பு எழுதும் கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.

கொட்டையை ஃபெரிஹான் கேட்டு வாங்கி
செருப்புக் குதிகாலில் வைத்து உடைத்தாளாம்,
உள்ளே பருப்பு இனிப்பாம்.
பட்டியலில்
கொட்டையைப் பற்றி எழுத
மறந்துதான் போயிருந்தேன்.