ஐஸ்பெட்டிக்கு மேல் இருக்கும் பை

பவித்ரனின் பழைய பேட்மிண்டன் பை அது.
ஜிப் பாதிவரைதான் போகும்,
மீதியை ஊக்கு பார்த்துக்கொள்ளும்.
செப்டம்பர் பிறந்ததும் இறக்கித் தூசு தட்டினேன்.
"ஆரம்பிச்சிட்டியா" என்றார் தணிகாசலம்,
டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஃபிளாட்டில் கீழ்வீடு எங்களுடையது.
பின்சுவரிலிருந்து சுங்கை பினாங்கு
நாற்பது தப்படி, எண்ணியிருக்கிறேன்.
வெயில் நாளில் அது ஆறே இல்லை,
தெர்மாகோல் பெட்டி ஒன்றை
அரைமனதாய்த் தள்ளிக்கொண்டு போகும் கறுப்புத் தண்ணீர்.
மலையில் மழை விழுந்து
கடலும் பெருகி நிற்கும் இரவுகளில்தான்
தனக்கு ஒரு பெயர் இருப்பது
அதற்கு ஞாபகம் வரும்.

டார்ச்லைட்டைத் தட்டினேன், எரியவில்லை.
பேட்டரி இரண்டும் ரிமோட்டுக்குப் போயிருந்தன.
அவர் இன்னும் கண்ணை எடுக்கவில்லை.
பிஸ்கட் டின்னில் பாதி காணோம்.
"எலி" என்றான் பவித்ரன்.
எலி தின்றுவிட்டு மூடியை அழுத்தி மூடுமா என்று
நான் கேட்கவில்லை.

இன்சுலினை இப்போதே கட்டிவைக்க முடியாது,
குளிரில் இருக்கவேண்டியது.
பையின் காதில் ஓர் அட்டை தொங்கவிட்டேன்:
ஐஸ்பெட்டிக் கதவு, இரண்டாம் தட்டு, எடுத்துக்கொண்டு ஓடு.

கடைசியில் காகிதங்கள்.
அவருடைய பிறப்புப் பத்திரம், என்னுடையது, பையனுடையது,
கல்யாணச் சான்று, வாடகை ஒப்பந்தம்,
எல்லாம் சேர்த்தும் ஒரு விரல் தடிமன் இல்லை.
லோஷினியின் கோப்பு மட்டும் செங்கல்.

மூன்று நாள் குழந்தையாய் எங்கள் கைக்கு வந்தவள்.
பெற்றவள் எழுதிவைத்த பெயரும் முகவரியும்
இரண்டும் பொய்.
பதின்மூன்று வருஷமாக
மனு, மனுவின் நகல், நகலுக்கு ரசீது,
பரிசீலனையில் உள்ளது என்றொரு கடிதம்,
அந்தக் கடிதம் தொலைந்ததற்குப் போலீஸ் ரிப்போர்ட்,
பிறகு அலமாரிக்குப் பின்னால் கிடைத்த
அந்தக் கடிதமே.
எங்களுடையது நனைந்தால்
நம்பர் வாங்கி உட்கார்ந்து, வெள்ளி கட்டி,
இன்னொன்று எடுக்கலாம்.
அவளுடையது நனைந்தால்
அவள் காத்திருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

அவளே வந்து உட்கார்ந்தாள்.
மடிந்த முனைகளை நகத்தால் நீவி நீவி
ஒவ்வொரு தாளையும் ஃபோனில் படம் பிடித்தாள்.
"அம்மா, தண்ணி வந்தா
முதல்ல இதை எடுப்பியா, என்னை எடுப்பியா?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.
"நீ நடந்து வருவே, இதுக்குக் கால் இல்ல."
நல்ல பதில்தான்.
அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்டோபரில் ஒரு விடிகாலை மூன்று மணிக்கு
குளியலறைத் துளை தொண்டையைக் கனைத்தது.
கரண்ட் போனது.
டார்ச்லைட் எரிந்தது.
தண்ணீர் வாசற்படி ஏறிவந்து
செருப்பு அடுக்கை முகர்ந்தது,
ஒற்றை ஜப்பான் சிலிப்பரை மிதக்கவிட்டுப் பார்த்தது.

பொதுப் படிக்கட்டில் நாங்கள் நான்கு பேர்,
எதிர்வீட்டு மிஸ்டர் கூய்,
அவர் மடியில் கூண்டு,
கூண்டில் அரைத்தூக்கத்தில் ஒரு மைனா.
தணிகாசலம் ஐஸ்கட்டிப் பொட்டலத்தை
இரண்டு கையாலும் பிடித்திருந்தார், பிரசாதம்போல.
பிஸ்கட்டைப் பிட்டு மைனாவுக்குக் கொடுத்தேன்,
கூய்க்கு இரண்டு,
"எலிக்கும் ஒண்ணு" என்று பவித்ரனிடம் நீட்டினேன்.
இருட்டில் அவன் முகம் தெரியவில்லை,
கடிக்கும் சத்தம் கேட்டது.

பையில் கோப்பைத் தேடினேன். இல்லை.
உயிர் ஒரு கணம் கீழே இறங்கிப்போய்
முழங்கால் தண்ணீரில் துழாவிவிட்டு வந்தது.
லோஷினி டீசட்டையைத் தூக்கிக் காட்டினாள்.
வயிற்றோடு வயிறாய்
துப்பட்டாவால் கட்டிவைத்திருந்தாள்.

ஆறு மணிக்குத் தண்ணீர் இறங்கியது.
ஐஸ்பெட்டியின் காலில்
பழுப்பாய் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது.
அவள் கட்டை அவிழ்த்தபோது
உறையின் ஒரு மூலை கிழிந்திருந்தது.
மேல்தாளில் முத்திரையின் நீலம் லேசாய்க் கலங்கியிருந்தது.
வெள்ளம் இல்லை, அவள் வியர்வை.

கரண்ட் வரட்டும், ஃபேனுக்குக் கீழே காயவைக்கலாம்.
நாளைக்குப் புது உறை வாங்கவேண்டும்,
பெரிய அளவில், இரண்டாக.
பிஸ்கட்டும்.
ரிமோட்டுக்குத் தனியாக
ஒரு ஜோடி பேட்டரியும்.