தட்டியவர்: அறை எண் 14

கரிமருந்து குழுவை விட்டு விலகியபோது
ஒப்பந்தப்படி எனக்குக் கிடைத்தவை:
ஒரு மைக், தாங்கி இல்லாமல்.
பதினோரு பாட்டு, மேடையில் பாடும் உரிமை இல்லாமல்.
ஒன்பது வருஷம் கத்திய குரலைப் பற்றி
தாளில் ஒரு வரியும் இல்லை,
மறந்திருப்பார்கள்.

காட்பாடியில் இறங்கினேன்.
ஆட்டோக்காரர் என் பெட்டியைப் பார்த்து
வங்காளத்தில் கேட்டார், ஆஸ்பத்திரியா என்று.
இந்த ஊர்தாங்க என்றேன்.
சரி, எந்த டாக்டரு என்றார்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து லாட்ஜில்
பதிமூன்றாம் எண் அறைக்கு நூறு ரூபாய் குறைவு.
பதிவேட்டில் இரண்டே கட்டம்:
நோயாளி, உடன் வந்தவர்.
ஷீலா தேவகிருபை, உடன் வந்தவர் என்று எழுதினேன்.
யாருடன் என்று ரிசப்ஷன் பையன் கேட்கவில்லை.

சுவரெங்கும் முட்டை அட்டை.
மார்க்கெட்டில் சும்மாவே கொடுத்தார்கள்,
கோழி வளர்க்கிறீங்களா என்று மட்டும் கேட்டு.
மின்விசிறியை நிறுத்தினால்தான் பதிவு செய்ய முடியும்.
வேலூர் மே மாதத்தில்
விசிறி நின்றால் நாலு நிமிஷம் தாங்கும் உடம்பு.
ஆகவே எந்தப் பாட்டும் நாலு நிமிஷத்தைத் தாண்டவில்லை.
பிற்பாடு ஒருவர் அதைச் சிக்கனம் என்று பாராட்டி எழுதினார்.

முதல் நாள் பழைய ஞாபகத்தில்
உச்சத்துக்குப் போனேன்.
கீழே இட்லிக் கடையில் எல்லோரும் எழுந்து
மேலே பார்த்தார்கள்.
இந்தத் தெருவில் கத்தலுக்கு
ஒரே அர்த்தம்தான்.
அதற்கப்புறம் தாழ்ந்த குரலில் பாடினேன்,
எனக்கு அப்படி ஒன்று இருந்ததே
அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டாம் இரவு, மூன்றாவது பாட்டில்
சுவரில் தட்டினார்கள்.
மன்னிக்கணும் என்றேன் சுவரிடம்.
பதில் இல்லை.
திரும்ப எடுத்தேன்.
திரும்பத் தட்டல்,
அடிக்கு அரை அடி தள்ளி,
நான் இழுத்து நிறுத்தும் இடத்தில் சரியாக.
எங்கள் டிரம்மர் நவநீதனுக்கு
ஒன்பது வருஷமாக நான் கெஞ்சிக் கேட்ட இடம் அது.

நாலு இரவு.
பதினாலில் இருந்தவரை நான் பார்த்ததில்லை.
கதவோரம் ஒரு பிளாஸ்க்,
ஜன்னல் கம்பியில் காயும் கோடு போட்ட துண்டு.
தட்டியது படுத்திருந்தவரா
பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரா,
அதுவும் தெரியாது.

ஐந்தாம் இரவு
மூன்று முறை அதே இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுக்
கீழே போனேன்.
காலி பண்ணிட்டாங்க மேடம் என்றான் பையன்.
எப்படிப் போனாங்க?
அவன் பதிவேட்டைப் புரட்டினான்.
அதுக்கு இதுல கட்டம் இல்ல மேடம்.

சென்னையில் ஒலி துடைப்பவர் போன் செய்தார்,
மூணாவது பாட்டுல சுவர்ச் சத்தம் வருது, எடுத்துடவா?
எடுத்தால் பாட்டையும் எடுத்துவிடுங்கள் என்றேன்.

போன வாரம் ஆற்காடு போகும் பஸ்ஸில்
கரிமருந்தின் புதுப் பெண் என் பாட்டைப் பாடினாள்.
நன்றாகத்தான் பாடுகிறாள்,
உச்சத்தில் என்னைவிட அதிகம் நிற்கிறாள்.
ஆனால் நான் மூச்சு வாங்கிய இடத்தில்தான்
அவளும் வாங்கவேண்டியிருக்கிறது,
வரி அப்படி.
டிக்கெட் எடுத்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
பாலாறு வந்தது, வழக்கம்போல மணலாக.

என் ஆல்பத்துக்கு முதல் மாசம் கிடைத்தது
முந்நூற்று நாற்பது ரூபாய்.
ஏழு பாட்டில் ஒரு பாட்டு என்று கணக்குப் போட்டு,
அதிலும் பாதி,
ஒரு கவரில் போட்டு லாட்ஜில் கொடுத்தேன்.
பையன் மேலும் கீழும் பார்த்துவிட்டு
சாவிப் பலகையில்
பதினாலாம் ஆணியில் மாட்டினான்.

நேற்றும் அந்த வழியாகப் போனேன்.
அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள்.
சாவி இல்லை,
கவர் இருக்கிறது.