கரை இறங்கும் சீட்டு

டிக்கெட் கொடுப்பவரிடம் வாய் தவறி
ரெண்டு என்றுவிட்டேன்.
கிழித்துக் கொடுத்துவிட்டார்.
இன்னொருத்தர் எங்கே என்று
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
வந்துகொண்டிருக்கிறார் என்றேன்.
பொய்யில்லை.
பதினான்கு மாதமாய் வந்துகொண்டுதானே இருக்கிறாய்.

கொள்முதல் நிலையத்தில் அரைநாள் லீவு.
காரணம் என்ற கட்டத்தில்
சொந்த வேலை என்று எழுதினேன்.
தை கடைசியில், வாசலில் நெல் அம்பாரமாய்க் கிடக்கையில்,
பட்டியல் எழுதுகிறவள்
தரங்கம்பாடிக் கோட்டை பார்க்க என்று எப்படி எழுதுவாள்?

உனக்கும் இன்று நாலு மணி நேரம்.
முதலாளி கைவிட்ட கப்பலிலிருந்து
முறை வைத்து இறக்குகிறார்களாம்,
ஒரு தடவைக்கு ஒருத்தர்.
சீட்டில் பெயர் கலியபெருமாள்.
சிங்காரவேலை அலெக்ஸாந்திரியாவில் யாருக்கும் தெரியாது.
செத்துப்போன உன் அப்பா
உன் சட்டையைப் போட்டுக்கொண்டு
எகிப்துக் காவல்காரனிடம் ஆஜர் சொல்கிறார்.
சமையல்காரர் கடன் கொடுத்த காசில்
கடலோரக் கோட்டைக்குப் போகிறேன் என்றாய்.
நீயும் ஒன்றுக்குப் போ,
எவன் கோட்டை பெரிசு, பார்த்துவிடலாம்.

உள்ளே வளைவு வளைவாய்க் கூரை.
மிளகு வைத்திருந்த அறை, பீப்பாய் வைத்திருந்த அறை,
ஆளை அடைத்துவைத்திருந்த அறை.
மூன்றுக்கும் ஒரே அளவு ஜன்னல்.
பழக்கதோஷம், சுவரில் விரல் வைத்துப் பார்த்தேன்.
ஈரப்பதம் இருபத்திரண்டு இருக்கும்.
பதினேழுக்கு மேல் போனால் நான் வாங்க மாட்டேன்.

ஒரு பலகையைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.
தஞ்சாவூருக்கு வருஷ வாடகை பேசி
கோட்டை கட்டிய டேனிஷ்காரர்களுக்கு
கால் நூற்றாண்டுக்கு மேல்
ஊரிலிருந்து கப்பலே வரவில்லையாம்.
காய்ச்சலில் போனவர் போக
கடைசியில் மிஞ்சியவன் ஒருத்தன்.
அவனே சிப்பாய், அவனே கவர்னர்,
கொடி ஏற்றுகிறவனும் அவன்,
அதற்கு நிமிர்ந்து நிற்கிறவனும் அவன்.
அவனுக்கு யார் சோறு வடித்தது?
சம்பள பாக்கியை யார் கணக்கு எழுதினார்கள்?
பலகையில் இடம் போதவில்லை போல.

சிக்னல் மேலே, பீரங்கிப் பக்கம்தான்.
அங்கே கல்யாண ஜோடி ஒன்றைப் படம் எடுத்தார்கள்.
அக்கா, ஃபிரேமுல வர்றீங்க, கொஞ்சம் நகருங்க.
நகர்ந்தேன். நீ வந்தாய், கட்டம் கட்டமாய்.
தாடி விட்டிருக்கிறாய். சொல்லவேயில்லை.
உன் பீரங்கியைக் காட்டினாய், என்னுடையதைக் காட்டினேன்.
அங்கே காலை ஒன்பதரை, எனக்கு மதியம் தலையைப் பிளக்கிறது.
இங்கே முன்னால் கலங்கரை விளக்கம் இருந்ததாம்,
அது விழுந்து, அந்தக் கல்லில்தான் இதைக் கட்டினார்களாம் என்றாய்.
யாரிடம் கேட்டாய்?
பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நின்றுகொண்டேன்,
வாத்தியார் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்,
பாதி நானே இட்டுக்கட்டினது.
சிரித்தாய். பாதிச் சிரிப்பில் உறைந்தாய்.
திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் அந்தப் பல் மட்டும் தெரிந்தது.

அந்தக் கடைசி ஆளைப் பற்றி
உனக்குச் சொல்வதாய் இல்லை.
கப்பல் வந்ததா என்று கேட்பாய்.
வந்தது, ஆனால் எத்தனை வருஷம் என்று கேட்பாய்.

சாயங்காலம் நிலையத்துக்கே திரும்பினேன்.
பதினோரு நாளாய் மூட்டை மேல் படுத்திருக்கும் வைரக்கண்ணு
எழுந்து உட்கார்ந்து வழக்கம்போலக் கேட்டார்,
லாரி எப்பம்மா?
நாளைக்கு என்பதுதான் நான் சொல்கிற பதில்.
பத்து நாளும் அதையே சொல்லியிருக்கிறேன்,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.
தெரியலை, வைரக்கண்ணு.
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
பிறகு தார்ப்பாயின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினார்.
பனி இறங்குது, பிடிங்க.