நட்சத்திரக் குறி

பதினேழு பிஸ்கட் டப்பாக்கள். உள்ளே அட்டைகள்.
அட்டைக்கு ஒரு வார்டு, ஒரு மே மாதம்,
ஜெயித்தவர், தோற்றவர், செல்லாத ஓட்டு.
லெனர்ட் ஓல்ட்ராய்ட் என் அச்சகத்துக்குள் நுழைந்தபோது
கோட்டிலிருந்து மழை சொட்டியது.
டப்பாக்களில் ஒரு துளி இல்லை.

ஹெப்பர்லி நகர மன்றத்தில் அவர் உறுப்பினர்.
பகலெல்லாம் அடைத்த சாக்கடை, எரியாத தெருவிளக்கு,
பக்கத்து வீட்டு நாய் பற்றிய புகார்.
இரவில் எண்கள்.
யார்க்‌ஷயர் முழுக்க, ஊர் ஊராக எழுத்தர்களுக்குக் கடிதம்,
தபால்தலை ஒட்டிய பதில் உறையோடு.
"பதிவேடு வெள்ளத்தில் போயிற்று" என்று யாராவது எழுதினால்
சனிக்கிழமை ரயிலேறி
அந்த ஊர் நூலகத்தில் பழைய செய்தித்தாளைப் புரட்டுவார்.

ஒன்பதே ஓட்டு வாங்கிய ஒரு கசாப்புக்காரர்,
ஏ. பிக்கில்ஸ்.
ஆல்பர்ட்டா, ஆர்தரா? இரண்டு வருஷம் தேடினார்.
"ஒன்பது பேர் பென்சிலை எடுத்து இவருக்குப் புள்ளடி போட்டிருக்கிறார்கள்,
முழுப்பெயர் இல்லாமல் எப்படி அச்சடிப்பாய்?"
ஆம்ப்ரோஸ் என்று தெரிந்த அன்று
எனக்கு ஒரு கோப்பை பீர் வாங்கித் தந்தார்.
வேறெதற்கும் தந்ததில்லை.

மெய்ப்புப் பார்க்கையில் எழுபத்து மூன்றில் விரல் நின்றது.
மில்பாட்டம் வார்டு, அவருடைய முதல் வெற்றி:
ஓல்ட்ராய்ட் 674
ஈனிட் சக்டன் 661
மேசை வாரியாக எண்ணிய பழைய தாள் பக்கத்திலேயே கிடந்தது.
மூன்று முறை கூட்டினார். நான் ஒரு முறை.
647.

நீச்சல்குளத்தின் மேல் பலகை பரப்பி எண்ணிய ராத்திரி.
தூக்கக் கலக்கத்தில் யாரோ
நாலையும் ஏழையும் இடம் மாற்றியிருக்கிறார்கள்.

"விடுங்கள், யார் கூட்டிப் பார்க்கப் போகிறார்கள்?"
"அறிவித்த எண் அப்படியே இருக்கட்டும்.
ஒரு நட்சத்திரக் குறி போடு. கீழே மூன்று வரி இடம் விடு."

அன்று மாலையே சக்டன் அம்மாளின் சலவைக்கடைக்குப் போனாராம்.
அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டது:
"அப்படியென்றால் அந்தப் பேருந்து நிழற்குடை
நான் கட்டியிருக்க வேண்டியது?"
"ஆமாம்."
"காற்று நேரே முகத்தில் அடிக்கிறது, லெனர்ட்."

முந்நூறு பிரதி அடித்தோம். விற்றது நாற்பத்தொன்று.
அதில் ஒன்றை எதிர்க்கட்சி வாங்கியிருந்தது.
அடுத்த மே மாதம் அடிக்குறிப்பைப் பெரிதாக்கித்
துண்டறிக்கை போட்டார்கள்,
என் அச்சகத்தில்தான். வேறு அச்சகம் ஊரில் இல்லை.

நாலு ஓட்டில் தோற்றார்.
கைகுலுக்கிவிட்டு மேடையிலிருந்து இறங்கியவர்
சட்டைப்பையில் பென்சிலைத் துழாவிக்கொண்டே
எழுத்தரிடம் போனார்:
"செல்லாதது எத்தனை?"