பன்னிரண்டு மீட்டர்

பகாவ் ஊருக்குக் கடல் கிடையாது.
போர்ட்டிக்சன் ஒன்றரை மணி நேரம்தான்.
ஆனால் அங்கே முழங்காலளவு தண்ணீரில்
நம் கால்விரல் நமக்குத் தெரியாது.

நான் செம்பனை ஆலையின் எடைமேடையில் இருக்கிறேன்.
லோரி ஏறும். நிற்கும். எண் விழும்.
வந்த எடையில் போகும் எடையைக் கழித்தால்
பழம்.
ஒரு நாளைக்கு நூற்றுப்பத்துக் கழித்தல் போடுகிறவளுக்குத்
தண்ணீருக்கடியில்
தன் கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை.

இதுவரை நான்கு முழுக்கு.
நான்காவதில், இருநூறில் இருந்த முள்
இருபத்தாறே நிமிடத்தில் ஐம்பதுக்கு வந்துவிட்டது.
"மேட்டுல ஏறுற பழைய லோரி மாதிரி மூச்சு விடுறலா நீ"
என்றாள் சியூ பிங்.
பல் கிளினிக்கில் வேலை,
கடலுக்கடியில் என் துணை.

அதனால் ஐந்தாவதற்கு
நானே இடம் தேடுகிறேன்,
பசியாறும் நேரத்தில்,
வீணான எடைச்சீட்டின் பின்பக்கத்தில்.

"சிப்பாடான் போ. மத்ததெல்லாம் சும்மா"
என்கிறான் லேபில் இருக்கும் சுதாமன்.
அவனுக்கு நீச்சல் தெரியாது.
படத்தில் பார்த்தேன்.
கரையிலிருந்து கொஞ்சம் நடந்தால் தரை முடிந்துபோகிறது.
அறுநூறு மீட்டர்.
ஒரு பெண் சுவரோரம் மிதக்கிறாள்.
அவள் கால்துடுப்புக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே என்ன நிறமென்று
படமெடுத்தவனுக்கே தெரிந்திருக்காது.
ஆமைகள் அழகுதான்.
ஆனால் நான் தவறவிடுவது எதுவானாலும்
அது எங்கே போய் நிற்கும் என்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.
நானும் அதில் சேர்த்தி.

அடித்துவிட்டேன்.

பெர்ஹெந்தியானில் ஒரு கப்பல் இருக்கிறது,
சர்க்கரையோடு மூழ்கியது.
சர்க்கரை கரைந்து இரும்பு நிற்கிறது, பதினெட்டு மீட்டரில்.
என் அட்டை அனுமதிக்கும் கடைசி எண் அதுதான்.
கடைசி எண்ணில் வந்து நிற்கிற லோரியை
நான் இரண்டு முறை பார்ப்பேன்.
அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

பிறகு தியோமான்.
கரைக்கு எதிரே ரெங்கிஸ், ஒரு கைப்பிடித் தீவு.
பன்னிரண்டு மீட்டர், அடியில் மணல்,
மே மாதத்தில் இருபத்தொன்பது டிகிரி.
கடைக்குப் போன் போட்டேன்.
நீரோட்டம் எத்தனை மணிக்குத் திரும்பும்?
காற்று எந்தப் பக்கம்?
கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கலாமா?
பாதியில் வேண்டாமென்றால்
யாராவது கோபித்துக்கொள்வார்களா?
மறுமுனையில் ரொஸ்லான் சிரித்தார்:
"ஆமை இருக்கா என்று கேட்காத முதல் ஆள்
நீங்கதான்."

(இருக்கிறதாம்.)

"பன்னிரண்டா? நம்ம எண்ணெய்த் தொட்டியே
அதைவிட உயரம்லா" என்றான் சுதாமன்.
உண்மை.
மாலையில் தொட்டியின் அடியில் போய் நின்று
அண்ணாந்து பார்த்தேன்.
உச்சி விளிம்பில் ஒரு காகம்.
அங்கே படகின் வயிறு.
இங்கே மணல், நான்.
நடுவில் இருப்பது முழுக்கத் தண்ணீர்,
அதுவும் வெதுவெதுப்பாக.
கழுத்து வலிக்கும்வரை மூச்சை
மெதுவாக விட்டுப் பார்த்தேன்.
காகம் நகரவில்லை.

கடைசி லோரி போனதும்
மேடையில் நானே ஏறினேன்.
அறுபது கிலோ.
சியூ பிங் இரவல் தந்த ஈயப் பட்டையை,
ஆறு கிலோ,
இடுப்பில் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன்.
அறுபது கிலோ.

இந்த மேடைக்கு
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
நாற்பது டன் சுமக்கிற அதற்கு
இடையில் இருப்பதெல்லாம் ஒன்றுமில்லை.
கடல் அப்படி விடாது,
அரைக் கிலோ கூடினாலும் கண்டுபிடித்து
மணலில் உட்கார வைத்துவிடும்.

பரவாயில்லை.
அதற்காகத்தானே
மணல் இருக்கிற இடமாகப் பார்த்தேன்.